சளி பழுத்த கதை

கடையநல்லூரில் எங்கள் ஆச்சி வீட்டுக்குள் நுழைகிறவனை முதலில் வரவேற்பது ஆச்சியின் குரல் அல்ல. பக்கத்து வீட்டுத் தறியின் சத்தம். மேற்கே மலை, கிழக்கே வயல், நடுவில் தென்காசியிலிருந்து மதுரைக்குப் போகும் சாலை, சாலைக்கு இரண்டு பக்கமும் தெருத் தெருவாகத் தறி. நான் சிறுவனாக இருந்தபோது ஊர் அப்படித்தான் இருந்தது. அப்போது அது திருநெல்வேலி ஜில்லா. 2019-ல் தென்காசியைத் தனி மாவட்டமாக்கி, கடையநல்லூரையும் அதில் சேர்த்தார்கள். தறியில் உட்காராத ஆண்பிள்ளைகளில் பலர் கப்பலேறிச் சிங்கப்பூருக்குப் போனார்கள். அங்கே 1941-லேயே கடையநல்லூர்ப் பெயரால் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள் என்றால் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தறியைப் பற்றியும் அல்ல, சிங்கப்பூரைப் பற்றியும் அல்ல. ஒரு சிரட்டைச் சளியைப் பற்றி.

முகத்தைச் சுளிக்காதீர்கள். எங்கள் குடும்பத்தில் அந்தச் சிரட்டைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1934-ஆம் வருஷம் மார்கழி மாதம் என் தகப்பனாருக்கு எட்டு வயது. ஒரு நாள் சாயங்காலம் நடுக்கிக்கொண்டு ஜுரம் வந்தது. மறுநாள் வலது விலாவில் குத்து. மூச்சு விடும்போது மூக்கின் இரண்டு பக்கமும் விரிந்து விரிந்து சுருங்கிற்று. சிரட்டையில் சாம்பல் போட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார்கள். அதில் துப்பிய சளி துருப்பிடித்த ஆணி நிறத்தில் இருந்ததாம். தென்காசியிலிருந்து எல்.எம்.பி. டாக்டர் ஒருவரை வில்வண்டி வைத்து அழைத்து வந்தார்கள். அவர் குழாயை வைத்துப் பார்த்தார். "நிமோனியா" என்றார். ஒரு மிக்ஸ்சர் எழுதிக் கொடுத்தார். போகும்போது ஆச்சியிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"ஏழாம் நாள், இல்லாட்டி ஒம்பதாம் நாள். அது வரைக்கும் கையிலே பிடிச்சு வச்சுக்கிடுங்கம்மா. அதுக்கு மேலே ஆண்டவன் விட்ட வழி."

அந்தக் காலத்து டாக்டர்களுக்கு நிமோனியாவைப் பற்றி நன்றாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். ஜுரம் ஒரு வாரத்துக்குக் கொதிக்கும். பிறகு ஒரு ராத்திரியில் குப்பென்று வியர்த்துக் கொட்டி, விடிவதற்குள் உடம்பு குளிர்ந்துவிடும். அல்லது நோயாளியே குளிர்ந்துவிடுவார். இரண்டில் எது என்று சொல்ல அவர்களிடம் குழாயும் இல்லை, மருந்தும் இல்லை.

ஆச்சி நாட்களை எண்ணிக்கொண்டிருந்தாள். தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து விலாவில் ஒத்தடம் கொடுத்தாள். பக்கத்து வீட்டு நெசவாளி பாய், பிள்ளை தூங்கட்டும் என்று யாரும் கேட்காமலே குழித்தறியை நிறுத்திவிட்டார். தறி நின்றால் கூலி நிற்கும். எட்டாம் நாள் காலையில் ஆச்சி சிரட்டையைப் பார்த்தாள். சளி துரு நிறம் மாறி மஞ்சளாக, கெட்டியாக வந்திருந்தது. "பழுத்திருக்கு" என்று தாத்தாவிடம் சொன்னாளாம். அன்று ராத்திரி வியர்த்தது. போட்டிருந்த பாயைப் பிழியலாம் போல வியர்த்தது.

இவ்வளவோடு கதை முடிந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். அதற்கு இரண்டு வருஷம் முந்தி அதே வீட்டில், அதே எட்டு வயதில், என் தகப்பனாரின் அக்காளுக்கு இதே நோய் வந்தது. நான் பார்க்காத அத்தை. ஐந்தாம் நாள் போய்விட்டாள். 1970-களில் ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்பாள்.

"ஒரே வீடு. ஒரே தவுடு. ஒரே பத்தியம். அவனுக்குச் சளி பழுத்துது, அவளுக்குப் பழுக்கல. ஏன்லே? நீ நாலு புஸ்தகம் படிக்கியே, சொல்லு."

எனக்கு அப்போது பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நாலு புஸ்தகம் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். ஆச்சி காலமாகி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பதில் கொஞ்சம் தாமதம்தான்.

*

பழுத்த சளி என்று ஆச்சி சொன்னது கிராமத்துப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஐரோப்பாவின் பழைய வைத்தியர்களும் புண்ணில் கெட்டியான வெண்மஞ்சள் சீழ் கண்டால் 'நல்ல சீழ்' என்று சந்தோஷப்பட்டார்கள். சீழ் ஏன் நல்லது, அது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் பெர்லினில் பெரும் புகழோடு இருந்த விர்ஷோ என்பவர், புண் இருக்கும் இடத்துத் தசைகளே பெருகிச் சீழாகின்றன என்று சொல்லிவந்தார். பெரியவர் சொன்னால் அப்புறம் பேச்சு உண்டா? 1846-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர் தவளை நாக்கை உருப்பெருக்கியின் கீழ் விரித்துவைத்துப் பார்த்து, இரத்தக் குழாயின் சுவர் வழியாக வெள்ளை அணுக்கள் நழுவி வெளியே வருவதைக் கண்டார். அதை எழுதியும் வைத்தார். யாரும் பொருட்படுத்தவில்லை. இருபத்தொரு வருஷம் கழித்து, 1867-ல், விர்ஷோவிடமே வேலை பார்த்த கோன்ஹைம் என்ற இளைஞர் அதையே மறுபடி கண்டு, சீழில் இருப்பவை இரத்தத்திலிருந்து வெளியேறி வந்த வெள்ளை அணுக்களே என்று நிரூபித்தார்.

ஆக, சீழ் என்பது குழாயை விட்டு வெளியே வந்து சேர்ந்த ஒரு கூட்டம். சரி, அந்தக் கூட்டம் எதற்காக வருகிறது? அன்றைய டாக்டர்களில் பலர் சொன்ன பதில் வேடிக்கையானது. கிருமிகள் அந்த அணுக்களின் முதுகில் ஏறிக்கொண்டு உடம்பெல்லாம் ஊர்வலம் போகின்றன என்றார்கள். காவல்காரனைத் திருடனின் வண்டிக்காரன் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இதைத் திருப்பிப் போட்டவர் டாக்டரே அல்ல. கடலில் கிடக்கும் புழு பூச்சிகளை ஆராய்கிறவர். மெச்னிகாவ் என்ற ருஷ்ய தேசத்தவர்.

மெச்னிகாவின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு ஆச்சியின் திண்ணை ஞாபகம் வந்தது. அவர் 1869-ல் லுட்மிலா என்ற பெண்ணை மணந்தார். கல்யாணத்தன்று அவளுக்கு நடக்கத் தெம்பில்லை. நாற்காலியில் உட்காரவைத்துக் கோவிலுக்குத் தூக்கிப் போனார்கள். நோய் நெஞ்சில். நான்கு வருஷம் ஊர் ஊராக, தீவு தீவாக, வெயில் தேடி அவளைக் கொண்டுபோனார். 1873-ல் மதீராத் தீவில் அவள் இறந்தாள். அவளை அழித்தது காசநோய்க் கிருமி என்று சொல்லக்கூட அப்போது யாருக்கும் தெரியாது. ராபர்ட் காக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1882-ல். மனைவியைப் புதைத்துவிட்டுத் திரும்பிய மெச்னிகாவ் உயிரை வெறுத்துப்போனார் என்பதும், மயிரிழையில் பிழைத்தார் என்பதும் எல்லாரும் அறிந்த செய்தி. அதைப் பற்றி நான் அதிகம் சொல்ல விரும்பவில்லை. பிறகு ஓல்கா என்ற பெண்ணை மணந்தார். சில வருஷங்களில் அவளுக்குக் கடுமையான டைபாய்டு வந்து பிழைத்தாள். ஒரு மனிதருக்கு நோயோடு இதற்கு மேல் நெருங்கிய பழக்கம் வேண்டாம்.

காக் கிருமியைக் கண்டுபிடித்த அதே 1882-ல் மெச்னிகாவ் ஒடெஸ்ஸா சர்வகலாசாலை வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இத்தாலியின் மெஸ்ஸீனாவில் கடற்கரையை ஒட்டிக் குடியிருந்தார். ஒரு நாள் வீட்டில் எல்லாரும் வித்தை காட்டும் குரங்குகளைப் பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவர் மட்டும் உருப்பெருக்கியோடு தனியாக இருந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதற்குள் சில அணுக்கள் இஷ்டம்போல ஊர்ந்து திரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஒரு யோசனை. இவை சும்மா திரியவில்லை, ஊரைக் காவல் காக்கின்றனவோ? அப்படியானால் இந்தக் குஞ்சின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தினால் இவை முள்ளைச் சுற்றி வந்து கூடவேண்டும். தோட்டத்தில் ரோஜாச் செடி இருந்தது. முள்ளை ஒடித்து வந்து குத்தினார். இரவெல்லாம் தூக்கமில்லை. விடியற்காலையில் வந்து பார்த்தால், முள்ளைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்.

சர்க்கஸுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிடுகிற ஆசாமிகளை இனிமேல் யாரும் கேலி செய்யவேண்டாம்.

மெஸ்ஸீனாவுக்கு வந்திருந்த விர்ஷோவே அதைப் பார்த்து உற்சாகப்படுத்தினார். வியன்னாவில் ஒரு பேராசிரியர் அந்த அணுக்களுக்குக் கிரேக்க மொழியில் 'தின்னும் அணு' என்று பொருள்படும் பெயர் சூட்டிக் கொடுத்தார். அடுத்த இருபது வருஷம் சண்டை. ஜெர்மனியில் காக்கின் கட்சியார், கிருமியைக் கொல்வது இரத்தத்தின் நீரில் கரைந்திருக்கும் பொருள்களே, அணுக்கள் செத்த கிருமியைப் பெருக்கித் தள்ளும் தோட்டிகள் என்றார்கள். பாரிஸில் பாஸ்டர் நிலையத்தில் இடம் பெற்ற மெச்னிகாவ், இல்லை, அணுவே வீரன் என்றார். 1908-ல் நோபல் பரிசுக் குழுவினர் சாமர்த்தியமாகப் பரிசை இரண்டாக வெட்டினார்கள்: ஒரு பாதி மெச்னிகாவுக்கு, ஒரு பாதி எதிர்க்கட்சியின் எர்லிக்குக்கு. கடைசிக் காலத்தில் மெச்னிகாவ் தயிர் சாப்பிட்டால் ஆயுள் நீளும் என்று பிரசாரம் செய்தார். எங்கள் ஆச்சி நிமோனியாக்காரனுக்குத் தயிரைக் கண்ணில் காட்டமாட்டாள். இந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் ஒத்துப்போயிருக்காது.

எர்லிக்கை நான் எதிர்க்கட்சி என்று சொன்னாலும், அந்த வீரனுக்குப் பெயர் கிடைத்தது அவரால்தான். சாயங்களில் மோகம் கொண்டவர். 1879 முதல் இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, விதவிதமான சாயத்தில் தோய்த்துப் பார்த்தார். சில வெள்ளை அணுக்களின் மணிகள் அமிலச் சாயத்தைப் பிடித்தன. சில காரச் சாயத்தை. பெரும்பாலானவை இரண்டுமற்ற நடுநிலைச் சாயத்தை. அந்தப் பெரும்பான்மைக்கு நியூட்ரோஃபில் என்று பெயர் வைத்தார். நெசவுக்கார ஊரில் பிறந்திருந்தால் சாயப்பட்டறை வைத்திருப்பார்.

*

முள்ளைச் சுற்றிக் கூட்டம் கூடியது சரி. முள் குத்திய செய்தி அந்த அணுக்களுக்கு எப்படித் தெரிந்தது? அவற்றுக்குக் கண் இல்லை, காது இல்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று. 1884-ல் பெஃபர் என்ற தாவர சாஸ்திரி, பெரணிச் செடியின் ஆண் அணுக்கள் மாலிக் அமிலம் இருக்கும் பக்கமாக நீந்துவதைக் கண்டார். 1888-ல் லெபர் என்ற கண் டாக்டர், முயலின் கருவிழியில் அந்நியப் பொருளை வைத்தால், இரத்தக் குழாயே இல்லாத அந்த இடத்துக்குத் தூரத்துக் குழாயிலிருந்து வெள்ளை அணுக்கள் நேராக வழி பிடித்து வருவதைக் கண்டார். ஏதோ ஒரு ரசாயனப் பொருள் கசிகிறது, அதன் தடம் பிடித்து வருகின்றன என்றார். வாசனை என்று வைத்துக்கொள்வோம். தெருவில் ஒரு வீட்டில் முறுக்குச் சுட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு விளையாடும் பிள்ளைகூட அந்த வாசலில் போய் நிற்கும். இந்தப் பக்கம் திரும்பினால் வாசனை குறைகிறது, அந்தப் பக்கம் திரும்பினால் கூடுகிறது என்பதுதான் கணக்கு.

1962-ல் ஸ்டீபன் பாய்டன் என்பவர் இதை அளக்க ஒரு சிறிய கருவி செய்தார். இரண்டு அறை, நடுவில் நுண்ணிய துளைகள் கொண்ட ஏடு. மேலறையில் அணுக்கள், கீழறையில் பொருள். எத்தனை அணுக்கள் துளை வழியே நுழைந்து கீழே வந்தன என்று எண்ணிக்கொள்ளலாம். 1977-ல் சாலி சிக்மண்ட் என்ற அம்மையார் இன்னும் நுட்பமாகப் பார்த்தார். நியூட்ரோஃபிலின் தலைப்பக்கத்துக்கும் வால்பக்கத்துக்கும் இடையே அந்தப் பொருளின் அளவில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே அது திசை கண்டுகொள்கிறது! தராசில் இப்படி ஒரு நுட்பம் இருந்தால் நகைக்கடைக்காரர்கள் கூடப் பயப்படுவார்கள்.

பாக்டீரியாவே கசியவிடும் சில துணுக்குகளுக்கு அந்த வாசனை உண்டு என்று 1975-ல் தெரிந்தது. திருடன் தன் செருப்புத் தடத்தாலேயே பிடிபடுகிறான். ஆனால் உடம்பே தயாரித்து அனுப்பும் அழைப்பு ஒன்று இருக்கவேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார்கள். 1987-ல் அமெரிக்காவில் யோஷிமுரா, மட்சுஷிமா என்ற இரண்டு ஜப்பானியர்கள் அடங்கிய கூட்டமும், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பாஜியோலினியின் கூட்டமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதைப் பிடித்தார்கள். சிறிய புரதம்; முக்கிய வடிவத்தில் 72 மணிகள் கோத்த மாலை மாதிரி. ஆளுக்கு ஒரு பெயர் வைத்துக் குழப்பி, கடைசியில் இன்டர்லூகின்-8 என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்கு அண்ணன் தம்பிகள் பல உண்டென்று தெரிந்ததும் 1992-ல் அந்தக் குடும்பத்துக்கே கீமோகைன் என்று பெயர் வந்தது. மனித உடம்பில் இன்று ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக எண்ணியிருக்கிறார்கள். நியூட்ரோஃபிலை அழைப்பவை அவற்றில் சில. வேறு சில வேறு அணுக்களை அழைக்கும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை என்று தனித்தனியே அச்சடித்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

இப்போது என் தகப்பனாரின் வலது நெஞ்சுக்குள் வருவோம்.

வளர்ந்த மனிதனின் நுரையீரலில் சராசரி 48 கோடி காற்றறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் காவலுக்கு மாக்ரோஃபேஜ் என்ற பெரிய தின்னி அணு ஊர்ந்துகொண்டிருக்கும். நாலைந்து கிருமி நுழைந்தால் அதுவே தின்றுவிடும். நமக்குத் தெரியவும் தெரியாது. நிமோகாக்கஸ் கிருமி பெருகிவிட்டால் தன்னால் ஆகாது என்று அது குரல் கொடுக்கிறது. அந்தக் குரல்தான் கீமோகைன். காற்றறையின் சுவரும் சேர்ந்து கத்துகிறது. ஆனால் ஓடும் இரத்தத்தில் வாசனை நிற்குமா? கருப்பாநதியில் ஒரு குடம் பாலைக் கொட்டினால் அடுத்த படித்துறையில் வெள்ளை தெரியாது. அதற்கும் ஏற்பாடு இருக்கிறது. குழாயின் உட்சுவரில் பாசி மாதிரிச் சர்க்கரை இழைகள் உண்டு. கீமோகைன் அந்த இழைகளில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆறு ஓடினாலும் கரையில் எழுதிய எழுத்து அழியாது.

மற்ற இடங்களில் நியூட்ரோஃபில் குழாய்ச் சுவரில் உருண்டு, ஒட்டி, பிறகு நுழையவேண்டும். நுரையீரலிலோ குழாயே அதைவிடக் குறுகல். பெரிய உடம்புக்காரர் குறுகிய சந்தில் போவது போல உடம்பை நீட்டி நெளித்துத்தான் எப்போதும் கடக்கிறது. அதனால் நல்ல நாளிலும் நுரையீரலில் ஒரு பெரும் படை நெருக்கியடித்துக்கொண்டு தயாராக நிற்கும். அழைப்பு வந்ததும் சுவரின் இடுக்கு வழியாக வழிந்து காற்றறைக்குள் இறங்குகிறது. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புகிறது. ஆபத்துக் காலத்தில் இன்னும் அதிகம். வந்தவன் கிருமியை விழுங்குவான், விஷத்தைக் கக்குவான். வேறு வழி இல்லாவிட்டால் இன்னொன்றும் செய்வான். தன் உயிர்நூலாகிய டி.என்.ஏ.யையே உருவி வெளியே வீசி, கிருமியை அதில் சிக்கவைத்துவிட்டுச் சாவான். 2004-ல்தான் பெர்லினில் இதைக் கண்டுபிடித்தார்கள். சொந்த நூலில் வலை பின்னுகிறவனைப் பற்றி அந்த நெசவாளி பாயிடம் சொல்லியிருந்தால் ரசித்திருப்பார்.

இந்தச் சேனையின் பிணங்கள்தான் ஆச்சி சிரட்டையில் பார்த்த மஞ்சள். நியூட்ரோஃபிலுக்குள் கிருமியைக் கொல்லும் ஒரு பொருள் உண்டு. அதற்கு இயல்பாகவே பச்சை நிறம். 1941-ல் ஸ்வீடனில் அதைப் பிரித்தெடுத்தவர் முதலில் 'பச்சை' என்ற அர்த்தத்திலேயே பெயர் வைத்தார். முதல் நாள் துரு நிறம் என்பது காற்றறைக்குள் கசிந்த இரத்தம். பிறகு வரும் மஞ்சளும் பச்சையும், அழைப்புக் கேட்டு வந்து சண்டை போட்டு மாண்டவர்கள். ஆச்சி பழுத்தது என்றாளே, அது இதுதான்.

*

அப்படியானால் அத்தைக்கு ஏன் பழுக்கவில்லை? படை வரவில்லையா?

வந்திருக்கும். அவளுக்கும் துரு நிறச் சளி வந்தது, ஜுரம் கொதித்தது என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். வந்த படைக்குப் பிடி கிடைக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிமோகாக்கஸ் தன்மேல் வழவழப்பான ஓர் உறை போர்த்திக்கொண்டிருக்கும். எண்ணெய் தடவிய பயில்வானைப் பிடிப்பது மாதிரி நியூட்ரோஃபில் பிடிக்கப் பிடிக்க நழுவும். 1903-ல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட் என்பவர், இரத்தத்தின் நீரில் உள்ள ஒரு பொருள் கிருமியின்மேல் படிந்தால் வெள்ளை அணு அதை ஆசையோடு தின்கிறது என்று கண்டார். அதற்கு அவர் வைத்த பெயரின் கிரேக்க மூலத்துக்குத் தொடுகறி என்று பொருள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இருந்தால் ஆறிப்போன இட்லியும் இறங்கும் அல்லவா? அப்படி. பெர்னார்ட் ஷா 1906-ல் இந்த ரைட்டை மனத்தில் வைத்து ஒரு நாடகமே எழுதினார். பிறகு தெரிந்தது, அந்தத் தொடுகறியில் முக்கியமானது அந்தந்தக் கிருமிக்கென்று உடம்பு புதிதாகச் செய்யும் எதிர்ப்பொருள் என்று. அதைச் செய்து முடிக்க உடம்புக்கு ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். டாக்டர் சொன்ன ஏழாம் நாளின் ரகசியம் அதுதான். காக்கின் கட்சியும் மெச்னிகாவின் கட்சியும் அந்த நாளில் கைகோத்துக்கொள்கின்றன. என் தகப்பனாரின் உடம்பு அந்த வாரத்தைக் கடந்தது. அத்தை ஐந்து நாள்தான் இருந்தாள்.

அந்த வாரத்தை மருந்தால் நீட்டித் தரலாம் என்பதை 1938-ல் கண்டார்கள். எம். அண்ட் பி. 693 என்ற சல்ஃபா மாத்திரை. நம் வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு அந்த நம்பர் மனப்பாடம். 1943 டிசம்பரில் ஆப்பிரிக்காவில் நிமோனியாவில் விழுந்த சர்ச்சில் துரையை எழுப்பியதும் அதுதான். ஆனால் சல்ஃபா கிருமியைக் கொல்வதில்லை; பெருகவிடாமல் கட்டிவைக்கிறது. கொன்றது யார்? அமெரிக்காவில் பாரி வுட் என்ற டாக்டர் 1940-களில் எலியின் நுரையீரலில் இதைத் துருவிப் பார்த்தார். எதிர்ப்பொருள் உண்டாவதற்கு முன்பே, நியூட்ரோஃபில்கள் வழுக்கும் கிருமியைக் காற்றறையின் சுவரோடு நெருக்கி மடக்கி விழுங்குவதை 1946-ல் எழுதினார். இந்த வுட் மாணவப் பருவத்தில் பிரசித்தி பெற்ற கால்பந்து ஆட்டக்காரர், அமெரிக்க முறைக் கால்பந்து. எதிரியை எல்லைக்கோட்டுக்கு ஒதுக்கி மடக்குவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவேண்டி இருந்திருக்காது.

1934-க்கும் 1938-க்கும் இடையே நாலு வருஷம். ஆச்சியிடம் இந்தக் கணக்கை நான் சொல்லியிருக்கமாட்டேன்.

படை எப்போதும் நல்லதுதான் செய்யும் என்றும் எண்ணிவிடக்கூடாது. கிருமியைச் சுடும் அதே விஷம் காற்றறையின் மெல்லிய சுவரையும் சுடும். 1993-ல் டாக்டர்கள், பெரிய விபத்துக்களில் அடிபட்டு வந்தவர்களின் நுரையீரலைக் கழுவிப் பார்த்தபோது, பின்னால் மூச்சு முட்டிப் படுத்தவர்களிடம் முதல் சில மணி நேரத்திலேயே இன்டர்லூகின்-8 ஏறியிருந்ததைக் கண்டார்கள். கொரோனாக் காலத்தை நாம் மறக்கவில்லை. 2020-ல் படையை அடக்கும் டெக்ஸாமெதசோன் என்ற பழைய, மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் கிடந்தவர்களின் சாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதே மருந்தைப் பிராணவாயு தேவைப்படாத நோயாளிக்குக் கொடுத்ததில் லாபம் இல்லை. அழைக்கவும் வேண்டும், சண்டை முடிந்ததும் கலைக்கவும் வேண்டும். மாண்ட நியூட்ரோஃபில்களைச் சத்தமில்லாமல் விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்வது அந்தப் பழைய மாக்ரோஃபேஜ்தான் என்று 1989-ல் காட்டினார்கள். அந்தத் துப்புரவு ஒழுங்காக நடந்ததால்தான் என் தகப்பனார் பிற்காலத்தில் குற்றாலத்துச் செண்பகா தேவி வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறினார்.

லுட்மிலாவைக் கொண்டுபோன நோயில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். நம் சென்னைக்கு அதில் ஒரு நல்ல பங்கு உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியாருக்குத் தாம்பரம் சானடோரியத்திலும், ஒரு பகுதியாருக்கு அவரவர் குடிசையிலும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்தார்கள். காற்று, படுக்கை, பால், முட்டை எல்லாம் சானடோரியத்தில் உயர்த்தி, வீட்டில் தாழ்த்தி. குணமானது ஏறக்குறைய ஒன்றுபோலவே. 1959-ல் இது வெளியானபின் உலகத்தின் போக்கே மாறியது. வெயில் தேடித் தீவுக்குப் போகவேண்டியதில்லை என்று ஆயிற்று. அந்த நிலையத்துக்கு இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். அங்கே இப்போது கீமோகைன்களையும் அளக்கிறார்கள். 2019-ல் சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சி ஒன்றின்படி, நோய் முற்றியவர்களின் இரத்தத்தில் சில கீமோகைன்கள் கூடுதலாக இருக்கின்றன. மருந்து தொடங்கியபின் சளியில் கிருமி மறையத் தாமதமாகிறவர்களிடமும் அப்படியே. காசநோயில் நியூட்ரோஃபில் வந்தும் பெரிதாகச் சாதிப்பதில்லை. விழுங்கிய கிருமியைக் கொல்ல முடியாமல் அதற்கே இருப்பிடமாகிவிடுவதும் உண்டு. பாதிச் செய்தி பழைய டாக்டர்கள் சொன்ன வண்டிக்காரன் கதைதான். பெரியவர்கள் எதையும் முழுப் பொய்யாகச் சொல்வதில்லை போலும்.

சென்ற ஆண்டு கடையநல்லூரிலிருந்து அண்ணன் பேத்தி போன் செய்தாள். அவளுடைய குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு ஊசி போட்டார்களாம். நிமோகாக்கஸ் ஊசியும் அதில் ஒன்று. 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-ல் நாடு முழுவதும் சர்க்கார் செலவில் வந்தது. ஆறாம் வாரம், பதினாலாம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்று ஊசி. உடம்பு ஒரு வாரம் உட்கார்ந்து செய்யவேண்டிய தொடுகறியை அது முன்கூட்டியே செய்து வைக்கச் சொல்கிறது.

நான் போனில் அவளிடம் அத்தையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவளுக்குக் கேட்க நேரமில்லை.

"தாத்தா, ரெண்டு தொடையும் வீங்கிப்போய் ராத்திரி பூரா ஒரே அழுகை. நான் கண்ணே மூடல. இன்னும் ரெண்டு ஊசி இருக்காம்லா! அப்பறமாப் பேசுதேன், வைக்கட்டா?" என்றாள்.